கேள்வியும் வரம்பும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் என்ற முறையில் நான் சங்கச் செய்யுளையோ திருமுறையையோ எடுத்து ஆராய்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நான் எழுதப் புகுவதோ சீட்டாட்டத்தைப் பற்றி. விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர்கள் இத்தலைப்பைக் கண்டு முகஞ்சுளிக்கமாட்டார்கள் என்ற துணிவு எனக்குண்டு. விளக்கணைத்த பின்னர்ப் போர்வைக்குள் கைவிளக்கு வைத்து முந்நூற்றுநான்கு ஆடியவர்கள் இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் அதிபராகவும் இருக்கின்றார்கள். அவர்களுள் எவரும் அதனாற் கெட்டதாக நான் அறியேன்.

வள்ளுவர் சூதினைக் கடிந்து 94 ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். அதற்கு முந்திய அதிகாரம் கள்ளுண்ணாமை, பிந்தியது மருந்து. குடி, சூது, மருந்து என்னும் இவ்வரிசையை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் நகைப்பர். ஆயினும் அவர் கடிந்தது பொருள்வைத்தாடும் சூதினையேயன்றி, கல்லும் புளியங்கொட்டையும் வைத்துப் பொழுதுபோக்காக ஆடுவதனை அன்று. இந்நாட்டின் 1889 ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டமும் பந்தயம் வைத்தாடுவதையே குற்றமாக நோக்கியது. குறளுக்கும் கட்டளைச் சட்டத்துக்கும் ஒத்த கருத்து அமைந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

சென்ற ஆண்டு அந்த அதிகாரத்தை உயர்தர வகுப்பில் நடத்தி முடித்த அன்று, மாணவன் ஒருவன் எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்து என்னிடம் வந்தான். மன்னார்த் தீவின் வடகரையில் மீன்பிடித்து வாழும் குடும்பத்தவன், கணக்கிற் கெட்டிக்காரன், பேச்சுக் குறைவு.

“சேர், ஒரு சந்தேகம். கையிலை ரெண்டு கிங் வந்திட்டுது. எதிராளி ஏத்திக்கொண்டே போறான். விடுறதோ, தாறதோ, நாங்களும் ஏத்துறதோ?”

“எந்த ஆட்டம், தம்பி?”

“போக்கர், சேர். ரெலிபோனிலை.”

குறளில் எழுந்த ஐயத்துக்கு விடைகூறக் காத்திருந்தவனுக்கு இக்கேள்வி வந்தது. அவன் இதுவரை பெறுமதியற்ற விளையாட்டுக் காசுக்கே ஆடிவந்தான் என்பதையும், மெய்ப்பணத்துக்கு ஆடும் இடமொன்றை நண்பன் ஒருவன் காட்டிக்கொடுத்திருக்கின்றான் என்பதையும், படகுக்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்குவதற்காகத் தமையன் சேர்த்துவைத்த பணம் வீட்டில் இவன் பெயரிலேயே வங்கியில் இருக்கின்றது என்பதையும் சிறிது சிறிதாகச் சொன்னான். இன்னும் எடுக்கவில்லை என்றான். எடுக்காதே என்று ஒரு சொல்லிற் கூறிவிடலாம். அந்தச் சொல்லை அவன் கேட்டு வந்திருந்தால் என்னிடம் வந்திருக்கமாட்டான். அவன் கேட்டது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. ஆகவே ஆட்டத்தைப் பற்றிய விடையே கொடுப்பதென்று தீர்மானித்து, இரண்டு கிழமை தவணை கேட்டேன்.

எனக்குக் கைவந்த சீட்டாட்டம் முந்நூற்றுநான்கு. அதிலிருந்துதான் நான் தொடங்க முடியும். இம்மலரை வாசிப்போருட் பெரும்பாலார்க்கும் அதுவே எளிது. இளைய மாணவரின் பொருட்டுச் சுருங்கக் கூறுகின்றேன். நால்வர் இருவரிருவராகக் கூட்டுச்சேர்ந்து 32 சீட்டுக்களைக் கொண்டு ஆடுவர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. அரசனையும் அரசியையும் மூன்றுக்கும் இரண்டுக்கும் தாழ்த்தி, ஏவலாளனாகிய ஜாக்கைத் தலைமேல் வைத்த இவ்வாட்டம் எந்தக் குடியாட்சிக் கொள்கையைப் பின்பற்றியதென்று நான் வியந்ததுண்டு. முதலில் நான்கு சீட்டே கைக்கு வரும். அவற்றைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்போம் என்று 160 முதல் ஏற்றிக் கேட்கவேண்டும். மிகுதியாகக் கேட்டவர் தாம் விரும்பிய இனத்துச் சீட்டொன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். எஞ்சிய நான்கும் அதன்பின்னரே பங்கிடப்படும். பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கும் விலை கூறுவதே கேள்வி.

இனங்களின் பெயர்களை நோக்குக: ஆட்டின், இஸ்கோப்பன், கிளாவர், உருவித்தன். இவை ஆங்கிலமும் அல்ல, போர்த்துக்கேயமும் அல்ல; ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்கள். 1658 இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1795 இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அவர்கள் இங்கிருந்தனர். காவற் கூடத்திற் பொழுது போகாத சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தின் பெயர்கள் கரையோரத் தமிழர் வாயிலும் சிங்களர் வாயிலும் நிலைத்துவிட்டன. கந்தோரும் லாச்சியும் அவ்வழி வந்தனவே. ஒல்லாந்தர் கட்டிய சுவர்கள் உப்புக்காற்றிற் கரைந்துகொண்டிருக்க, இஸ்கோப்பன் மட்டும் பேசாலை வாடிகளிலும் தலைமன்னார்த் திண்ணைகளிலும் நாள்தோறும் புதிதாக ஒலிக்கின்றது.

இனி, மாணவன் கேட்ட கேள்விக்கு முந்நூற்றுநான்கில் ஒப்பான நிலை யாது? முதல் நான்கு சீட்டில் ஓரினத்து ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வருதல். அவ்வினத்தில் அவற்றை விஞ்சிய சீட்டில்லை. இரண்டுக்கும் 50 புள்ளி. இக்கையோடு கேள்வியைத் தொடங்கினால், எதிராளி மேலே மேலே கேட்கின்றான். விட்டுக்கொடுத்தால் நல்ல கை வீணாகின்றதே என்ற ஆற்றாமை. தொடர்ந்தால், இரண்டு சீட்டை நம்பி எவ்வளவு தூரம் போவது?

இந்நிலையில் மிகச் சிறந்த ஆட்டமொன்றை நான் 2011 ஆம் ஆண்டளவில் மன்னார் நகரிற் கண்டேன். ஆடியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். 1990 இல் தீவை விட்டுச் சனங்கள் பெயர்ந்தபோது அவர் சில உடுப்புக்களோடு மடுவுக்குச் சென்று, அங்கே மரத்தடியில் நிவாரணக் கடலையைக் கல்லாக வைத்து ஆடியவர். ஆடி முடிந்ததும் கடலையை அவித்துப் பகிர்ந்துண்டார்களாம். தபாற் கந்தோரில் முத்திரை குத்திய பழக்கமோ என்னவோ, சீட்டைப் போடும்போது ஒருபோதும் ஓங்கி அடிக்கமாட்டார். மெல்ல வைத்து விரலால் ஒருமுறை அழுத்துவார். அவருக்கு இடப்புறமிருந்து எதிர்த்து ஆடியவர் ஒரு சம்மாட்டியார்; கேள்வியில் யாருக்கும் அடங்காதவர்; மேசை அதிர அடிப்பவர். நான் தபாலதிபருக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன்.

அவர் கைக்கு வந்த முதல் நான்கு: இஸ்கோப்பன் ஜாக், இஸ்கோப்பன் ஒன்பது, கிளாவர் இராணி, உருவித்தன் ஏழு. முதற் கேள்வி அவருடையது, 160 என்றார். வலப்புறத்தவரும் எதிரிலிருந்த கூட்டாளியும் விட்டனர். சம்மாட்டியார் 170 என்றார். இவர் 200 என்றார். அவர் சற்றும் தாமதியாமல் 220 என்றார். நானாயிருந்தால் 230 கேட்டிருப்பேன் என்று அங்கிருந்த ஒருவர் பின்னர்ச் சொன்னார். அங்கிருந்த அனைவர்க்கும் அதுவே எண்ணம். தபாலதிபர் விட்டார்.

ஏன் விட்டார் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். சம்மாட்டியார் 220 எடுக்கவேண்டும். அதைக் கெடுக்க இவர்கள் 85 எடுத்தாற் போதும். 50 ஏற்கெனவே கையில். கேட்டு ஆடினால் அந்த 50, வேண்டிய 230 இற் கால்வாசியும் இல்லை. எதிர்த்து ஆடினால் 85 இற் பாதிக்கு மேல். அதே இரண்டு சீட்டு, இருக்கை மாறியதும் பெறுமதி மாறுகின்றது. மேலும் எங்கள் பக்கத்து வழக்கில் 200 இற்கு மேற்கேட்டு வென்றால் இரண்டு கல், தோற்றால் மூன்று. கேட்பவன் தோள்மீதே பாரம். எதிராளியை அவனுடைய வேகத்திலேயே மேலே ஏறவிட்டு, ஏணியின் கீழே காத்திருப்பது ஒரு வழி.

மிகுதி நான்கில் அவருக்கு இஸ்கோப்பன் இராணியும் வந்தது. முதல் இறக்கம் அவருடையது. இஸ்கோப்பன் ஜாக்கை வைத்தார். வலப்புறத்தவர் எட்டு, கூட்டாளி பத்து, சம்மாட்டியார் ஏழு. 40 புள்ளி. அடுத்து எல்லாரும் ஒன்பதை எதிர்பார்த்தனர். அவரோ கிளாவர் இராணியை வைத்தார். வலப்புறத்தவர் இராசாவைப் போட்டார்; கூட்டாளி கிளாவர் ஜாக்கால் எடுத்தார்; சம்மாட்டியாரிடம் கிளாவரில் ஒரு பத்து மட்டுமே இருந்தது; இனம் இருக்கையில் வேறு போட முடியாதே, போட்டார். 2, 3, 30, 10, ஆக 45. முன்னைய 40 உடன் 85. இரண்டாம் பிடியிலேயே 220 உடைந்தது. சம்மாட்டியார் எட்டக்கூடிய உச்சம் 219. இஸ்கோப்பன் ஒன்பது இன்னும் தபாலதிபர் கையிலேயே இருந்தது. அதை இரண்டாவதாக இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சீட்டுக்களைத் திறந்து பார்த்தார்கள். சம்மாட்டியாருக்கு இஸ்கோப்பன் அந்த ஒற்றை ஏழுதான், துரும்பால் வெட்டியிருப்பார். கூட்டாளியின் ஆசும் வலப்புறத்தவரின் இராசாவும் சேர்ந்து 34 அந்தப் பக்கம் போயிருக்கும்.

“எப்பிடி ஐயா கிளாவர் எண்டு தெரியும்?” என்று கேட்டேன். “தெரியாது, மாஸ்ரர். என்ரை ரெண்டாவது நல்ல சீட்டை அவர் எங்கை தேடுவார் எண்டு தெரியும். அங்கை போகேல்லை” என்றார்.

இப்போது மாணவனின் ஆட்டத்துக்கு வருவோம். போக்கரில் வழங்கும் வகைகளுள் ஹோல்டம் என்பது ஒன்று. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக. மேசையில் எல்லார்க்கும் பொதுவாக ஐந்து, முதலில் மூன்றும் பின்னர் ஒவ்வொன்றுமாக. பொதுச் சீட்டு வருமுன் ஒன்றும், ஒவ்வொரு தடவை வந்தபின்னும் ஒவ்வொன்றுமாக நான்கு பந்தயச் சுற்று. லிமிட் என்னும் வகையில் பந்தயத்தின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டது: முதலிரு சுற்றில் ஓர் அலகு, பின்னிரு சுற்றில் இரண்டு அலகு, ஒரு சுற்றில் ஒரு பந்தயமும் மூன்று ஏற்றமும், அதற்குமேல் இல்லை என்பது பொது வழக்கு. ஆகவே இருவர் ஆடும்போது எவ்வளவு மூர்க்கமாக ஏற்றினாலும் ஒரு கையில் ஒருவன் இழக்கக்கூடியது 24 அலகு.

குறிப்பிட்ட ஓர் இரட்டை, இரண்டு இராசா என்க, 221 கையில் ஒருமுறையே வரும். வந்தால் மனம் துள்ளுவது இயல்பு. அதனை விஞ்சக்கூடிய இரட்டை ஒன்றே: இரண்டு ஆசு. இரண்டு இராசா நம் கையிலிருக்க, எதிரிலுள்ள ஒருவனிடம் இரண்டு ஆசு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 204 இல் ஒன்று. ஆனால் சீட்டு மேசையில் இறங்கத் தொடங்கியதும் நிலை மாறுகின்றது. முதல் மூன்றில் ஓர் ஆசாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22 இற்கு மேல். ஐந்தும் இறங்கும்போது 35. ஆசு வந்ததும் எதிராளி ஏற்றினால், அவனிடம் இன்னோர் ஆசு இருக்கின்றதா, அல்லது இருப்பதுபோல் நடிக்கின்றானா? இதுதான் மாணவனை உறங்கவிடாத கேள்வி. ஆட்கள் கூடுந்தோறும் நல்ல கை தேய்கின்றது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். இரண்டு ஆசுகூட, தனியொருவனுக்கு எதிரே நூற்றுக்கு 85 தடவை வெல்லும். ஒன்பது பேரும் கடைசிவரை விடாமல் நின்றால் 31 தடவைதான்.

விடுவதா என்பதைக் கணக்கே சொல்லிவிடுகின்றது. முதற் சுற்றில் இருவரும் நான்கு நான்கு அலகு வைத்தனர் என்க, குவியலில் 8. இரண்டாஞ் சுற்றில் அவன் ஒன்று வைக்க நாம் ஒன்று கொடுத்தோம், 10. மூன்றாஞ் சுற்றில் இரண்டுக்கு இரண்டு, 14. இறுதிச் சுற்றில் அவன் மீண்டும் இரண்டு வைக்கின்றான், 16. நாம் இரண்டு கொடுத்து 16 ஐ வெல்லப் பார்க்கின்றோம். ஒன்பது தடவையில் ஒருமுறை அவன் நடித்திருந்தாலே கொடுத்த காசு ஈடாகிவிடும். நம்மை முந்திவிட்டான் என்ற அச்சத்தால் விடுவது, லிமிட் ஆட்டத்தில் மிக விலையுயர்ந்த அச்சம். அதேவேளை, தோற்றிருக்கக்கூடும் என்ற நிலையில் நாமும் ஏற்றினால், நம்மிலும் தாழ்ந்த கை ஓடிவிடும்; உயர்ந்த கை மட்டும் நின்று இன்னும் ஏற்றும். ஆகவே விடவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். கேட்டதைக் கொடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார். தபாலதிபர் செய்தது ஏறக்குறைய இதுவே. எதிராளிக்கு ஏற்றும் வேலையை விட்டுக்கொடுத்தார்.

இது கோழையின் ஆட்டம் என்பார் உளர். அவர்களுக்காக ஒரு செய்தி. 2015 ஆம் ஆண்டு தை மாதம், கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டம் ஆட்டத்தைக் கணினியால் ஏறத்தாழ முற்றாகத் தீர்த்துவிட்டதாக சயன்ஸ் இதழில் வெளியிட்டனர். செபியஸ் என்னும் அக்கணினி நிரல் தன்னோடு தானே ஆடிக் கற்றது. ஒரு மனிதன் ஆயுள் முழுதும் ஆடினாலும் அதனை மிஞ்சியதாக உறுதிசெய்ய முடியாத அளவுக்கு அதன் ஆட்டம் செம்மையானது. அக்கட்டுரையில் என்னைக் கவர்ந்த வரி வேறு. சீட்டுப் பங்கிடுபவனாக இருக்கும்போது, முதற் சுற்றிற் கடைசி ஏற்றத்தை அது எடுப்பதே அரிது. இரண்டு ஆசு கையிலிருந்தாலும் 10,000 இல் ஒரு தடவைக்கும் குறைவு. சிறந்த மனித ஆட்டக்காரர் சிலர் தயங்காது ஏற்றும் இடம் அது. வேடிக்கை என்னவெனில், அந்த ஏற்றத்தை அது மிகுதியாக எடுக்கும் கை இரண்டு இரண்டுகள். அதுவும் 10,000 இல் ஆறு தடவைதான். வலிமையுள்ளவன் வாய்திறவான் என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இத்தனை கணினி வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு இரண்டு கிழமைக்குப் பின் மாணவனை அழைத்தேன். வாசித்தான். கணக்குகளைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான், சரி என்றான். பின்னர்,

“இது லிமிட்டுக்குத்தானே சேர்?”

“ஓம்.”

“அவன் காட்டின இடத்திலை நோ-லிமிட்.”

அங்கேதான் என் விடையின் மறுபாதி தொடங்குகின்றது. வரம்பு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் முதற்பொருள் வயல்வரம்பு. கட்டுக்கரைக் குளத்து நீர்பாயும் வயல்களைப் பார்த்தவர்க்கு, சேற்றைக் குழைத்துக் கட்டிய அந்த ஒற்றையடி மேடு இல்லையேல் நீர் நில்லாது என்பது விளங்கும். நான் மேலே சொன்ன கணக்கு அனைத்தும் அந்த மேட்டின்மேல் நிற்பவை. 16 ஐ வெல்ல இரண்டு கொடுக்கலாம். வரம்பற்ற ஆட்டத்தில் எதிராளி அதே இடத்தில் உன்னிடமுள்ள முழுவதையும் கேட்கலாம். அப்போது ஒன்பதில் ஒன்று என்ற ஆறுதல் இல்லை. இரண்டில் ஒன்றுக்கு அருகே போய்விடுகின்றது. கேட்பதைக் கொடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப்பார் என்னும் அதே அறிவுரை அங்கே வீட்டைக் கொளுத்தும். முந்நூற்றுநான்கு என்ற ஆட்டத்தின் பெயரே ஒரு வரம்பு என்பதை நான் அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். சம்மாட்டியார் எவ்வளவு முழங்கினாலும் அன்று இழந்தது மூன்று கல்.

இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. நம் கரையிலேயே உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கடற்பாரில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றிலொன்று குளியாளருக்கு, மிகுதி அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு மாலைதோறும் ஆயிரக்கணக்கில் ஏலங்கூறப்பட்டது. சிப்பி திறவாமலே விலை. செட்டிமாரும் கீழக்கரை மரைக்காயரும் மூடிய ஓட்டுக்கு விலைகேட்டனர். உள்ளே முத்து உண்டா என்பது சிப்பி அழுகி, கழுவி, சலித்தபின்னரே தெரியும். எனினும் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கேட்டவன், தோற்றால் அந்த ஆயிரத்தின் விலையையே தோற்றான். பழகிய வணிகன் சிறிது வாங்கித் திறந்து பார்த்து, மறுநாட் கேள்வியை அதற்கேற்ப ஏற்றினான் அல்லது இறக்கினான். பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வுல்ஃப் 1906 இல் இளம் உத்தியோகத்தராக அச்சலாபத்திற் பணிபுரிந்தார்.

1905 ஆம் ஆண்டுச் சலாபம் அதற்கு முன் காணாத பெருவிளைச்சல். அந்த ஒரு நல்ல கையைப் பார்த்து, லண்டனில் அமைந்த கம்பெனி ஒன்று, ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுக்கு முத்துப்பாரைக் குத்தகைக்கு எடுத்தது. 1907 இற்குப் பின் சிப்பி இல்லை. சிப்பிக்குஞ்சுகள் ஓராண்டு பாரில் நிறைந்து மறு ஆண்டு நீரோட்டத்தோடும் மணலோடும் மறைவது இக்கடலின் பழைய இயல்பு. அரிப்பு மீனவர் எவரும் அறிந்தது. கம்பெனி கலைந்தது. மாலை ஏலத்தில் ஆயிரம் சிப்பிக்கு விலைகேட்ட மரைக்காயருக்கும், இருபதாண்டுக் கடலுக்கு விலைகேட்ட லண்டன் கனவான்களுக்கும் சூழ்நிலை ஒன்றே. வரம்பு மட்டும் வேறு.

தமிழாசிரியனாகையால் தருமனைக் குறிப்பிடாது விட மனமில்லை. வில்லிபாரதத்துச் சூதுபோர்ச் சருக்கத்தை நடத்தும்போதெல்லாம், சகுனியின் வஞ்சனையைப் பற்றியே மாணவர் எழுதுவர். தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், திரௌபதியை வைத்தான். காய் உருட்டியவன் நேர்மையானவனாகவே இருந்திருந்தாலும், இவ்வளவுதான், இதற்குமேல் இல்லை என்று சொல்ல எவரும் அச்சபையில் இல்லாதவிடத்து முடிவு வேறாகியிருக்குமா? இதனைத் தேர்வு வினாவாக ஒருமுறை கொடுத்தேன். ஒரு மாணவி, வீட்டுமர் எழுந்து சொல்லியிருக்கலாம் என்று எழுதினாள். முழுப்புள்ளி கொடுத்தேன்.

இனி எஞ்சியது சிறிது. மாணவனைத் தபாலதிபரிடம் அழைத்துச் சென்றேன். அவருக்கு இப்போது பார்வை குன்றிவிட்டது; சீட்டை முகத்துக்கருகே பிடித்துப் பார்க்கின்றார். மாணவன் தன் தொலைபேசியை எடுத்து ஆட்டத்தைக் காட்டினான். பச்சை மேசை, ஆறு வட்டங்கள், வட்டத்துள் ஒன்றில் பூனை, ஒன்றில் மோட்டார்க்கார்.

“ஆக்கள் எங்கை?” என்றார்.

“இந்த வட்டந்தான் ஐயா ஆள்.”

“இவர் எந்த ஊர்?”

“தெரியாது ஐயா.”

“இந்தப் பூனையும் இந்தக் காரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையிலை இருந்து ஒருத்தற்றை சீட்டை மற்றவர் பாக்கினமோ?”

மாணவன் சிறிது நேரம் பேசவில்லை. “இருக்கலாம்” என்றான். 2019 இல் புளூரிபஸ் என்னும் நிரல் ஆறுபேர் ஆடும் வரம்பற்ற ஆட்டத்திலும் கைதேர்ந்த மனிதரை வென்றது என்பதை நான் இடையிற் சொன்னேன். அவ்வட்டங்களுள் எத்தனை மனிதர் என்பதே கேள்வி என்றேன். மாணவன் என்னைப் பார்த்தானல்லன், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வட்டமொன்று அப்போது ஏற்றியது.

“மற்றது, தம்பி,” என்றார் தபாலதிபர், “எங்கடை சம்மாட்டியார் நல்ல கை எண்டால் மெதுவாய்க் கேப்பார், சோட்டை எண்டால் உடனை கேப்பார். அண்டைக்கு 220 உடனை கேட்டவர். பதினெட்டு வருசம் அவரோடை ஆடினனான், அதாலை விட்டனான். நீ இந்தப் பூனையோடை எத்தினை வருசம்?”

பின்னர் அவர் கட்டை எடுத்தார். ஆளில்லாமையால் அவருடைய பேத்தியும் நானும் சேர நால்வரானோம். மாணவன் அவருக்கு எதிரே கூட்டாளியாக இருந்தான். ஐந்தாவது கையில் அவன் 200 கேட்டான், பேத்தி 210 என்றாள், அவன் முகம் சிவந்தது, தபாலதிபரை நோக்கினான். கூட்டாளிக்குச் சாடைகாட்டுவது தகாது என்று அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவன் நெடுநேரம் எண்ணி, “விடுறன்” என்றான். அந்தக் கையில் பேத்தியும் நானும் தோற்றோம்.

இயந்திரம் மாசி மாதம் வந்தது. இரண்டாங்கைச் சரக்கு, 15 குதிரைவலு. தமையன் அதில் முதல்நாட் கடலுக்குப் போய்த் திரும்பிய அன்று எனக்கு ஓர் ஓராமீன் கொடுத்தனுப்பினான். மாணவன் தொலைபேசியில் இப்போதும் விளையாட்டுக் காசுக்கு ஆடுகின்றான். ஞாயிறு மாலைகளில் தபாலதிபர் வீட்டில் நாலாவது ஆளும் அவன்தான்.